பதினாலு சென்ட் பொய்

சென்ட் என்றதும் செங்கல்பட்டுப் பக்கம் அட்வான்ஸ் கொடுத்து வைத்திருக்கும் மனை ஞாபகத்துக்கு வருகிறதா? (சென்னைக்குள் கிரவுண்டு, தாண்டிவிட்டால் சென்ட்.) நான் சொல்ல வந்தது வேறு சென்ட். அலெக்ஸாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் 1885-இல் வெளியிட்ட கட்டுரையால் உலகம் முழுக்கப் பரவிய கணக்கு. கீழ் ஸட்ஜத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை 1,200 பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு சென்ட். பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே சரியாக 100 சென்ட். கறுப்போ, வெள்ளையோ, எல்லாருக்கும் சம பங்கு.

இப்போது சங்கராபரணத்தின் அந்தர காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சேர்ந்த தம்பூராவின் மந்தர ஸட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுக் காதைக் கிட்டத்தில் வைத்தால், தந்திக்குள்ளிருந்து மெலிதாக ஒரு காந்தாரம் கேட்கும். ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். யாரும் பாடாமல் தானாகப் பிறக்கும் ஸ்வரம். ஒரே ஸ்தாயிக்குள் இறக்கிக் கணக்குப் போட்டால் அது இருக்கும் இடம் 386 சென்ட். பியானோவில் காந்தாரம் இருக்கும் இடம் 400.

பதினாலு சென்ட் அதிகம். இது எங்கிருந்து வந்தது?

ஸட்ஜத்துக்குச் சுத்தமாகச் சேர்ந்த பஞ்சமம் 702 சென்ட்டில் இருக்கிறது. அந்தப் பஞ்சமத்தையே ஸட்ஜமாக வைத்துக்கொண்டு அதற்கு ஒரு பஞ்சமம், அதற்கு இன்னொரு பஞ்சமம் என்று பன்னிரண்டு தடவை ஏறினால், ஏழு ஸ்தாயி தாண்டி புறப்பட்ட ஸட்ஜத்துக்கே வந்து சேர வேண்டும். சேராது. சுமார் 23.5 சென்ட் தள்ளிப் போய் நிற்கும். பி.காம். படித்த என் போன்றவர்களுக்கு இந்த வலி உடனே புரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை! நாங்களாக இருந்தால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டு சண்டை போட்டுவிட்டு, கடைசியில் அந்த 23.5-ஐ பன்னிரண்டு பஞ்சமங்களின் தலையிலும் சமமாகக் கட்டினார்கள். தலைக்கு இரண்டு சென்ட் நஷ்டம். பஞ்சமம் 702-லிருந்து 700 ஆனது. அது சமாளித்துவிட்டது. பலமாக அடி வாங்கியது காந்தாரம்தான்.

பிரதியாகக் கிடைத்தது சின்ன விஷயமில்லை. எந்த ஸ்ருதியில் ஆரம்பித்தாலும் ஒரே மாதிரி ஒலிக்கும்; நூறு பேர் சேர்ந்து வாசிக்கலாம். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் தப்பாக இருக்கச் சம்மதித்தால் எல்லாரும் சேர்ந்து இருக்கலாம். யோசித்துப் பார்த்தால் கூட்டுக் குடும்பம், கூட்டணி ஆட்சி, ஃப்ளாட் அசோசியேஷன் எல்லாமே இந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன.

சரி, இது பொய்யா, இல்லையா? பொய்தான். ஆனால் எல்லாரும் அறிந்து ஒப்புக்கொண்ட பொய் என்பது என் கட்சி. ரவுண்ட் ஆஃப் செய்வது மோசடி இல்லை. ரவுண்ட் ஆஃப் செய்ததையே மறந்துவிட்டு, பைசா சுத்தமாகக் கணக்கு கொண்டுவருகிறவனைப் பார்த்து ‘உன் கணக்கு தப்பு’ என்று சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் விவகாரம்.

கம்ப்யூட்டரில் சங்கீதம் எழுதுகிறவர்கள் தினமும் சந்திப்பது இந்த விவகாரத்தைத்தான். நோட்டேஷன் எழுத சிபேலியஸ், டோரிகோ, இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோர் என்று பல மென்பொருள்கள் இருக்கின்றன. (முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கோலோச்சிய ஃபினாலேவுக்கு 2024 ஆகஸ்டில் மூடுவிழா அறிவித்துவிட்டார்கள்.) எழுதினால் போதும், வாசித்தும் காட்டும். நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் அது பியானோ கணக்கில் வாசிக்கும். 386 வேண்டுமென்றால் அந்த ஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்து மைனஸ் 14 என்று போட வேண்டும். ஒரு வர்ணம் முழுக்க இப்படிப் போட்டால் மணிக்கட்டு போய்விடும் என்பதால் ப்ளக்-இன் வைத்திருக்கிறார்கள். எந்த ஸ்வரத்துக்கு எத்தனை சென்ட் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்துவிட்டால், பாட்டு முழுக்க அதுவே ஓடி ஓடித் திருத்திவிடும். தமிழில் செருகுநிரல் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கவனித்தீர்களா? 400-க்கு எதையும் செருக வேண்டியதில்லை. அது வீட்டுக்காரர். 386 பேயிங் கெஸ்ட். தம்பூரா தானாகத் தரும் ஸ்வரத்துக்கு அங்கே பெயர் ‘மைனஸ்’.

இதற்காக மென்பொருள் எழுதியவர்களைத் திட்டமாட்டேன். அவர்கள் தங்கள் வீட்டுச் சங்கீதத்துக்காகச் செய்தார்கள். நாம் போய்க் கதவைத் தட்டுகிறோம். தட்டினால் திறக்கவும் செய்கிறார்கள். நுணுக்கத்துக்கும் பஞ்சமில்லை. 1983-இல் வந்த மிடி என்ற ஏற்பாட்டில் ஸ்வரத்தை வளைக்க ஒரு கட்டளை உண்டு. அதில் 16,384 படிகள். வழக்கமான அமைப்பில் இது மேலே இரண்டு, கீழே இரண்டு அரை ஸ்வரங்களுக்கு. ஆக, ஓர் அரை ஸ்வரத்துக்கு 4,096 படிகள். எந்த வித்வான் காதும் பிரித்தறிய முடியாத பொடிப்பொடியான துண்டுகள். பின்னே என்னதான் பிரச்னை?

பெசன்ட் நகரில் எனக்குத் தெரிந்த ஒரு வீணை மாமி இருக்கிறார். அவர் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தால் ஒரு பக்கம் வேளாங்கண்ணி மாதா கோயில், இன்னொரு பக்கம் அஷ்டலட்சுமி கோயில். அங்கே கீபோர்டின் காந்தாரம், இங்கே நாகஸ்வரத்தின் காந்தாரம். இரண்டும் ஒரே உப்புக் காற்றில்தான் கலக்கின்றன. சண்டை வந்ததாகச் செய்தி இல்லை. மாமிக்கு நியூஜெர்ஸியில் ஒன்பது வயது சிஷ்யை. வாரத்துக்கு ஒரு முறை வீடியோ கால். சேர்ந்து வாசிக்க முடியாது. இங்கே மீட்டுவது அங்கே கேட்க அரை விநாடி ஆகிறது. நடுவில் ஆறு நாள் அந்தக் குழந்தை எதைக் கேட்டு சாதகம் செய்வது? மாமியின் அண்ணன் மகன் சாஃப்ட்வேர்காரன். “அத்தே, வர்ணத்தை நோட்டேஷன்ல ஏத்தித் தரேன். மெதுவாவும் ஓட்டலாம், வேகமாவும் ஓட்டலாம்” என்றான்.

எடுத்துக்கொண்டது பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் தோடி வர்ணம். முதல் தடவை பியானோ கணக்கில் ஓடவிட்டான். “என்னடா இது, கார் ரிவர்ஸ் எடுக்கறாப்பல இருக்கு” என்றார் மாமி. அடுத்து ப்ளக்-இன். 22 ஸ்ருதிப் பட்டியல் ஒன்றைப் பிடித்து வந்தான். தோடியின் சாதாரண காந்தாரத்துக்கு அதில் இரண்டு இடங்கள்: 294, 316. “எது வேணும் அத்தே?” என்றான். மாமி இரண்டையும் கேட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “ஆதார் கார்டு போட்டோ மாதிரி இருக்கு. நான்தான். ஆனா நான் இல்லே.”

தோடி கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வாக்கியத்துக்குப் பொழிப்புரை வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கும் ஸ்வரம் இல்லை. ரிஷபத்துப் பக்கம் இறங்கி, மத்யமத்துப் பக்கம் ஏறி, மறுபடி இறங்கி அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவுக்குத்தான் காந்தாரம் என்று பெயர். 29-சி பஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவில் என்றுதான் சொல்ல முடியும். சராசரி எடுத்தால் ஜெமினி பக்கம் வரலாம். அதற்காக அந்த பஸ்ஸை ஜெமினியில் நிறுத்திவைத்து, இதுதான் 29-சி என்றால் யார் ஏறுவார்கள்? பியானோ கணக்கில் ரிஷபம் 100, மத்யமம் 500. சராசரி 300. கீபோர்டில் சாதாரண காந்தாரம் எத்தனையில் இருக்கிறது தெரியுமா? அதே 300.

எங்கே நிற்கிறது என்று தேடுவது நம்மவர்களுக்கும் புதிதில்லை. சாஸ்திரம் 22 என்றது. தஞ்சாவூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டே சங்கீத ஆராய்ச்சி செய்த ஆபிரகாம் பண்டிதர், 22 இல்லை, 24 என்றார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டுக்குப் போய், தன் வீட்டுப் பெண்களை வீணை வாசிக்கவைத்தே வாதாடினார். மறு வருஷம் ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. அவருடைய 24 சம பங்குகள். பியானோவின் 12-ஐ இரண்டிரண்டாக உடைத்தால் வருவதும் அதே 24 தான் என்பது இதில் ஒரு வேடிக்கை. பிறகு கம்ப்யூட்டர் வந்து கச்சேரி ரெக்கார்டுகளை அளந்தார்கள். 2003-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த ஆய்வில் 22 இருக்கைகள் தட்டுப்படவில்லை, 12 தான் தெரிகிறது என்றார்கள். நின்றுகொண்டிருப்பவர்களை எண்ணுவதில் இத்தனை சண்டை. நடந்துகொண்டிருப்பவர்களை எந்தப் பத்தியில் எழுதுவது?

இதற்கு ஒரு மனுஷர் 1904-லேயே வழி செய்து வைத்திருக்கிறார். எட்டயபுரம் சமஸ்தான வித்வான் சுப்பராம தீட்சிதர். அவர் எழுதிய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ தெலுங்கில் அச்சானது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதருக்கு ஸ்வீகாரமாகப் போனவர் இவர். குடும்பச் சொத்து என்று வைத்துக்கொண்டிருந்தால் யாரும் கேட்டிருக்க முடியாது. அந்தக் காலத்தில் வித்தையைப் பூட்டிவைப்பது குற்றமும் இல்லை. இவரை அச்சுக்கு இழுத்ததில் சின்னசாமி முதலியாருக்குப் பெரிய பங்கு உண்டு. 1893-இல் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய நோட்டேஷனில் அச்சிடத் தொடங்கிய மெட்ராஸ்காரர் அவர். இன்றைக்கு மியூஸ்ஸ்கோரில் மாமியின் மருமான் செய்யும் வேலையை 130 வருஷத்துக்கு முன்னால் மையில் செய்தவர் என்று சொல்லலாம். ப்ளக்-இன்தான் கிடையாது.

தீட்சிதர் என்ன செய்தார் என்பதில்தான் ருசி இருக்கிறது. ஸ்வரம் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று அவர் அளந்துகொண்டிருக்கவில்லை. ஸ்வரத்தின் தலையில் ஒரு குறி போட்டார். கம்பிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஒரிகை... இவை என்ன என்று முன்னுரையில் விளக்கும்போது அவர் பேசுவது பெரும்பாலும் வீணைக்காரனின் விரலைப் பற்றி. தந்தியை எங்கே அழுத்து, எப்படி இழு, எப்படி விடு. கேட்கப்போகும் ஒலியை எழுதாமல், செய்யவேண்டிய காரியத்தை எழுதிவிட்டார். சமையல் குறிப்பு மாதிரி. நாக்கில் என்ன ருசி தெரியும் என்று எந்தச் சமையல் புத்தகமும் மில்லிகிராமில் சொல்வதில்லை; கடுகு வெடித்ததும் போடு என்கிறது. கடுகு எப்போது வெடிக்கிறது என்பதை நீதான் நின்று பார்க்க வேண்டும்.

ஆகவே ‘எழுதினாலே செத்துப்போச்சு’ என்று சொல்கிற கோஷ்டியோடு நான் இல்லை. தெய்வீகம், எழுத முடியாது, குரு முகமாகத்தான் வரும் என்று சொல்கிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் குரு அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பார். வெளியே நிற்கிறவனுக்குக் காகிதமாவது வேண்டும்.

சுத்தம் என்ற பெயரில் நடந்த ஒரு காரியத்தை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். பெசன்ட் நகருக்குப் பெயர் கொடுத்த அன்னி பெசன்ட்டோடு 1907-இல் இந்தியாவுக்கு வந்தவர் மாட் மெக்கார்த்தி என்ற அயர்லாந்து வயலின் கலைஞர். நம் சங்கீதம் கற்று, 22 ஸ்ருதிகளையும் பாடிக் காட்டும் அளவுக்குத் தேறினார். பிற்பாடு ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளரைத் திருமணம் செய்துகொண்டார். ஃபோல்ட்ஸுக்கும் நுண்ஸ்வரங்களில் பித்து. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கால் ஸ்வரங்களை எழுதிப் பார்த்தவர். 1935-இல் இந்தியா வந்து, டெல்லி வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவைக் கவனித்தார். 1938-இல் வானொலியின் பத்திரிகையில் ஹார்மோனியத்தைக் கிழித்து ஒரு கட்டுரை எழுதினார். பாரீஸில் பிறந்த அந்தப் பெட்டியின் ரீடுகள் பியானோ கணக்குத்தானே, வளைக்கவும் முடியாதே என்பது வாதம். வாதத்தில் தப்பில்லை. தாகூருக்கும் ஹார்மோனியம் ஆகாது. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்தது. ஃபோல்ட்ஸ் அதைப் பார்க்கவில்லை. 1939-லேயே கல்கத்தாவில் காலராவில் போய்விட்டார். தடை ஓரளவு தளர 1970-கள் பிறக்க வேண்டியிருந்தது.

முப்பது வருஷம்! பதினாலு சென்ட்டுக்காக. நாடகக் கொட்டகையில் விடிய விடிய ராஜபார்ட்டுக்கு ஸ்ருதி கொடுத்தது எது? மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு இன்றைக்கும் மேடையோரம் உட்கார்ந்திருப்பது எது? அந்தப் பெட்டிதான். அதை வாசித்தவர்களுக்கு தம்பூராவும் தெரியும், காந்தாரம் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். பாடகன் தொண்டையில் அசைப்பதை அவர்கள் கட்டைகளுக்கு நடுவே விரல்களைப் பறக்கவிட்டு ஏமாற்றிக் காட்டினார்கள். அப்படிப்பட்டவர்களிடம் ‘உன் வாத்தியம் அசுத்தம், வானொலி வாசலுக்கு வராதே’ என்று சொல்வதில் இருப்பது காது சுத்தம் மட்டும்தானா? நுண்ஸ்வரத்தை நேசித்தவர்களின் அதே நேசம், ஒருத்தன் சோற்றில் கை வைக்கவும் பயன்பட்டது. ஃபோல்ட்ஸ் நல்லவர், திறமைசாலி. இந்திய வாத்தியக்காரர்களை வைத்து நோட்டேஷன் பார்த்து வாசிக்கும் குழுவே நடத்தியவர். அதனால்தான் இந்தக் கதை எனக்கு உறுத்துகிறது.

இப்போது தடை போட வானொலி வேண்டாம். பாடினால் திரையில் கோடு ஓடும் ஆப்கள் வந்துவிட்டன. சரியான இடத்தில் இருந்தால் பச்சை, விலகினால் சிவப்பு. எந்தக் கணக்குக்குச் சரி? ஆப் எழுதியவர் உள்ளே வைத்த பட்டியலுக்கு. அது பியானோ பட்டியலாக இருந்தால், பாட்டியிடம் கற்ற குழந்தையின் காந்தாரம் சிவப்பு. 22 ஸ்ருதிப் பட்டியலாக இருந்தால் வேறொரு குழந்தை சிவப்பு. நாடகக் கொட்டகைக்காரர் எப்போதும் சிவப்பு. குழந்தை பட்டியலைப் பார்ப்பதில்லை, நிறத்தைத்தான் பார்க்கிறது. வாத்தியார் ‘தப்பு’ என்றால் ‘ஏன் சார்?’ என்று கேட்கலாம்; மூடு சரியில்லை என்றாவது நினைத்துக்கொள்ளலாம். சிவப்பைப் பார்த்து யார் கேட்பது? 386 போட்டுக் கொடுத்துவிட்டோம், நம் கடமை முடிந்தது என்று ப்ளக்-இன்காரர்கள் திருப்திப்பட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான். நம்பரை மாற்றினார்கள், ‘ஒரு நம்பர்தான் சரி’ என்ற வீட்டுக்காரரை மாற்றவில்லை.

எல்லாரும் அப்படி இல்லை. எம்.சுப்பிரமணியன் செய்த ‘காயக’ மென்பொருள் ஸ, ரி, க, ம என்று எழுதினால் வாசிக்கும். மேற்கத்திய வீட்டில் ஒண்டுக்குடித்தனம் கிடையாது. கமகத்தையும் அதிலேயே எழுதிக் கொடுக்கலாம். பிடிக்காவிட்டால் நீங்களே திருத்திக்கொள்ளலாம். தோடி ஸ்வரங்களின் போக்கை ரெக்கார்டுகளிலிருந்து அளந்து 2007-இல் ‘சங்கீத் நாடக்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையும் இருக்கிறது. திருத்த இடம் விட்டு எழுதியவருக்கும், பச்சை, சிவப்பு காட்டுகிறவருக்கும் தூரம் சென்ட் கணக்கில் வராது.

மாமி என்ன செய்தார் என்று சொல்லவில்லையே? மருமான் மூன்றாவது முயற்சியாகக் காந்தாரத்தைப் பொடிப்பொடியாக உடைத்து, ஏற்றி இறக்கி, ஓர் அசைவைக் கொண்டுவந்துவிட்டான். கேட்க மோசமில்லை. மாமியே “அட!” என்றார். ஆனால் ஒவ்வொரு காந்தாரமும் அச்சு அசலாக அதே அசைவு அசைந்தது. மேலே போகும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது வேறு மாதிரி என்று அதையும் பிரித்து எழுதலாம் என்றான். எழுதலாம்தான்.

“வேண்டாம். காந்தாரம் வர்ற எடத்துல எல்லாம் சத்தத்தை எடுத்துடு” என்றார் மாமி.

அதற்கு வசதி இருக்கிறது. ஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்து, வாசிக்காதே என்று சொன்னால் எழுத்து மட்டும் நிற்கும், ஒலி வராது. மருமானுக்கு மனசே இல்லை. “பாட்டு ஓட்டை ஓட்டையா இருக்குமே அத்தே?”

“இருக்கட்டும். அவ ரொப்பட்டும்.”

அப்படியே அனுப்பினார்கள். அடுத்த வார வகுப்பில் அந்தக் குழந்தை ஓட்டைகளில் தானே காந்தாரம் போட்டு வாசித்துக் காட்டியிருக்கிறது. தோடி இல்லையாம், கிட்டத்தில்கூட இல்லையாம். மாமிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். “தப்புதான். ஆனா அவ போட்ட தப்பு. அதைத் திருத்த எனக்குத் தெரியும்” என்றார் என்னிடம்.